இல்லறப் படகில் பயணிகள் இல்லை



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு அய்யனார் கோவில் என்றால் நினைவுக்கு வருவது ஆறுதான். ஊருக்கு மேற்கே, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் கடந்து சென்றால், மலையடிவாரத்தில் பாறைகளுக்கிடையே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். கோவிலுக்கு வருவோர் ஒருபுறம், நீரில் கால் நனைக்க வருவோர் மறுபுறம் என்று அந்த இடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்து வருகிறது. பெருநாளுக்கு மறுநாள் சோற்றுச் சட்டியும் பாயும் பிள்ளைகளுமாக அங்கே செல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

கடந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாளும் சென்றோம். காரை நான் ஓட்டினேன். என் மனைவி விடியலுக்கு முன்பே எழுந்து சமைத்து, நான்கு பைகளில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். ஆற்றங்கரையில் பாய் விரித்ததும், உணவு பரிமாறியதும், பிள்ளைகளுக்கு உடை மாற்றியதும் அவரே. நான் பாறையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டியவன் என்ற முறையில் என் பங்கு முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

பிற்பகலில் பாசி படிந்த பாறையில் கால் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் முறிந்தது. எழ முடியவில்லை. கார் மேலே சாலையோரத்தில் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் இரண்டு முறை கேட்டதுண்டு. இரண்டு முறையும், "நான் இருக்கிறப்ப உனக்கு எதுக்கு?" என்று சிரித்துத் தள்ளியவன் நான்.

அவர் உதவிக்கு ஆள் தேடிச் சாலையை நோக்கி ஓடினார். அப்போது என் ஆறு வயது மகளுக்குப் பயத்தில் மூச்சிரைப்பு தொடங்கிவிட்டது. அவளுக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் இல்லாமல் அவள் அம்மா எங்கும் செல்வதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எந்தப் பையில், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது தெரியாது. தரையில் கிடந்தபடியே கைக்கு எட்டிய பைகளைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒன்பது வயது மகன்தான் ஓடிவந்து, "அத்தா, அது பச்சைப் பையில சின்ன டப்பாக்குள்ள இருக்கும். ரெண்டு தடவை அமுக்கணும்" என்று எடுத்துக் கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ், மகள் தேறினாள். குளிக்க வந்த இளைஞர் ஒருவர் எங்கள் காரை ஓட்டிவந்து எங்களை மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே மற்றொரு பாடம் காத்திருந்தது. காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது, எந்த வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, ஏடிஎம் அட்டையின் எண் என்ன என்பது எதுவும் என் மனைவிக்குத் தெரியாது. அதுவும் அவர் குற்றமன்று. நான் சொன்னதே இல்லை.

ஆறு வாரங்கள் கட்டுடன் கிடந்தேன். அந்நாட்களில் என்னைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தார். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருப்பவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இன்றும் என் நினைவில் நிற்கிறது.

"மச்சான், எங்க கப்பல்ல இருபது பேர் இருக்கோம். ஒருத்தர் படுத்துட்டா இன்னொருத்தர் வருவார். ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரா பாய்மரப் படகுல கடல் தாண்டுறவங்க இருக்காங்க. உங்க வீடு அந்தப் படகுதான். அவங்க எப்படி வேலையைப் பிரிச்சுக்கிறாங்கன்னு பாருங்க."

கைப்பேசியில் சில காட்சிகளையும் காட்டி விளக்கினார். வேறு வேலையில்லாத அந்த நாட்களில் நானும் தேடித் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு பேர் மட்டும் செல்லும் படகில் முதல் வேலைப் பங்கீடு உறக்கத்தில் தொடங்குகிறது. நடுக்கடலில் நங்கூரமிட்டு உறங்க முடியாது. இரவும் பகலும் படகு சென்றுகொண்டே இருக்கும். எனவே மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்குவார். பிறகு மாறிக்கொள்வார்கள். விழித்திருப்பவர் திசை, காற்று, பாய், எதிரே வரும் கப்பல்களின் விளக்கு ஆகிய அனைத்தையும் கவனிக்க வேண்டும். உறங்குபவரின் உயிர் அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் ஊர் நூற்பாலைகளில் ஷிப்ட் மாறுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இயந்திரம் நிற்பதில்லை, ஆட்கள்தாம் மாறுகிறார்கள்.

மாறும்போது ஒரு முறையும் உண்டு. விழித்திருந்தவர் சட்டென்று எழுந்து போய்விடக் கூடாது. படகு இப்போது எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, அருகில் என்ன கப்பல் தெரிகிறது, வானிலை எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் அடுத்தவரிடம் சொல்லி, அவர் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே நகர வேண்டும். பெரிய கப்பல்களிலும் இதே விதிதான் என்றார் என் மைத்துனர்.

இரண்டாவது, நங்கூரம். கரையை நெருங்கும்போது பல படகுகளில் கணவர் சுக்கானைப் பிடித்திருப்பார், மனைவி முன்பக்கம் சென்று கனத்த நங்கூரத்தையும் சங்கிலியையும் இறக்கிக்கொண்டிருப்பார். காற்றும் இயந்திர ஓசையும் சேர்ந்து பேச்சு கேட்காமல் போகும். கணவர் கத்துவார், மனைவியும் கத்துவார். துறைமுகத்தில் இருப்போருக்கெல்லாம் அது வேடிக்கைக் காட்சி. அனுபவம் முதிர்ந்த தம்பதியர் இதை மாற்றிவிடுகிறார்கள். சுக்கான் பிடிக்கப் பெரிய உடல் வலிமை தேவையில்லை, நங்கூரம் தூக்கத்தான் வலிமை வேண்டும். ஆகவே வலிமை மிக்கவர் முன்பக்கம் செல்கிறார், மற்றவர் படகை ஓட்டுகிறார். கத்துவதற்குப் பதிலாகக் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. ஆண் வலிமையானவன், ஆகவே ஆணின் வேலை வேறு, பெண்ணின் வேலை வேறு என்று பேசுகிறோம். ஆனால் நனைந்த துணிகள் நிறைந்த வாளியை இரண்டு மாடி தூக்கிச் செல்பவர் யார்? பிரியாணிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குபவர் யார்? கைப்பேசியையும் கார் சாவியையும் தூக்குபவர் யார்? வலிமையை வைத்து நாம் வேலையைப் பிரிக்கவில்லை. பழக்கத்தை வைத்துப் பிரித்துவிட்டு, வலிமையைக் காரணமாகச் சொல்கிறோம்.

மூன்றாவதுதான் என் நெஞ்சைத் தைத்தது. அந்தத் தம்பதியருக்குள்ளும் தனித்திறமைகள் உண்டு. ஒருவர் இயந்திரத்தில் வல்லவர், மற்றவர் வழி காண்பதில் வல்லவர். எல்லோரும் எல்லாவற்றையும் சரிசமமாகச் செய்வதில்லை. ஆனால் எந்த ஒரு வேலையையும் ஒருவர் மட்டுமே அறிந்திருக்க அவர்கள் விடுவதில்லை. கணவர் கடலில் தவறி விழுந்துவிட்டால் படகில் எஞ்சுபவர் மனைவி ஒருவரே. பாயை இறக்கவும், படகைத் திருப்பி அவர் அருகே கொண்டுவரவும், வானொலியின் 16ஆம் சேனலில் உதவி கோரவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நான் இருக்கிறப்ப உனக்கு எதுக்கு?" என்று கேட்கும் கணவரை, அவர் இல்லாமல் போகும் அந்த ஒரு நிமிடத்தில் காப்பாற்ற யாரும் இருக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் கால் முறிந்து கிடந்த நான் இதை நன்கு அறிவேன்.

இவை யாரோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர் தம் கையால் கட்டி 1968இல் வெள்ளோட்டம் விட்ட 24 அடிப் படகில், இயந்திரமே இல்லாமல், உலகைச் சுற்றி வந்தது புகழ்பெற்ற செய்திதான். ஆனால் நமக்கு அருகிலேயே உதாரணங்கள் உள்ளன. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த ரேகா, உடன் வரும் ஆட்கள் கிடைக்காமல் தவித்த தம் கணவர் கார்த்திகேயனுடன் கடலுக்குச் செல்லத் தொடங்கினார். ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று 2017இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அவரைப் பாராட்டியது. சிறிய படகில் வலை இழுக்கும் வேளையில் ஒருவர் படகைக் கவனிக்க வேண்டும். அங்கே "இது பெண் வேலை" என்று ஒதுக்கிவைக்க எதுவுமில்லை.

தம்பதியர் அல்லாத இருவரின் பயணம் ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. இந்தியக் கடற்படையின் அதிகாரிகளான கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். சுமார் 25,400 கடல் மைல், ஏறத்தாழ எட்டு மாதம், படகில் இரண்டே பேர். ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருந்தாக வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருந்தாலன்றி அப்பயணம் நிறைவேறியிராது.

நம் சமுதாயத்துக்கும் கடல் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் மரைக்காயர்கள் பல தலைமுறைகளாகக் கடல் வணிகம் செய்தவர்கள். ஆண்கள் கப்பலேறினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அதுவரை வீட்டை நடத்தியவர்கள் பெண்களே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டில் வந்து வாழும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த உம்மாமார்கள் கொடுக்கல் வாங்கலும் அறிந்திருந்தார்கள், நோயும் பார்த்தார்கள், பிள்ளைகளின் படிப்பையும் கவனித்தார்கள். கணவர் இல்லாத வீட்டை நடத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. இன்று வளைகுடா நாடுகளில் கணவர் இருக்க, இங்கே தனியாக வீடு நடத்தும் சகோதரிகளின் நிலையும் அதுவே. கணவர் ஊரில் இருக்கும் வீடுகளில்தாம் மனைவியை எதுவும் அறியாதவராக வைத்திருக்கிறோம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்.

இனி ஒரு கேள்வி எழும். "ஆணே குடும்பத்தின் நிர்வாகி என்று குர்ஆன் சொல்கிறதே, இந்தப் பேச்சு அதற்கு முரணாகாதா?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

படகுக்கும் ஒரு தலைவர் வேண்டும். புயல் நேரத்தில் இரண்டு பேர் இரண்டு கட்டளை இட்டால் படகு கவிழும். ஆனால் கப்பல் தலைவர் என்பவர் யார்? எல்லோரும் உறங்கிய பிறகும் உறங்காதவர், எல்லா வேலையையும் அறிந்தவர், கப்பலுக்கு நேரும் எதற்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர். கால் நீட்டி அமர்ந்து உணவுக்காகக் காத்திருப்பவருக்குக் கப்பலில் வேறு பெயர் உண்டு. அவர் பயணி. நிர்வாகப் பொறுப்பு என்னும் சுமையை அல்லாஹ் நம் தோளில் வைத்திருக்க, நாம் அதைக் காட்டிப் பயணிச் சீட்டு வாங்கிக்கொண்டோம். அந்த ஆற்றங்கரையில் பாறைமேல் அமர்ந்திருந்த நான் தலைவனாக இல்லை, பயணியாகத்தான் இருந்தேன்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்னும் கருத்தில் விடையளித்ததை புகாரியில் காண்கிறோம். தம் செருப்பைத் தாமே தைத்ததும் ஆடைக்கு ஒட்டுப் போட்டதும் வேறு அறிவிப்புகளில் உண்டு. குழந்தைக்குப் பால் குடியை மறக்கடிப்பது போன்ற வீட்டுக்குள் நடக்கும் செயலுக்குக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து இருவர் சம்மதத்துடன் முடிவெடுப்பதை சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் பேசுகிறது. மஷூரா என்பது பள்ளிவாசல் நிர்வாகக் குழுவுக்கு மட்டும் உரியதன்று.

கடலில் சென்ற தம்பதியர் நம் வரலாற்றிலும் உண்டு. உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களின் வீட்டில் உறங்கி எழுந்த நபி (ஸல்) அவர்கள், தம் சமுதாயத்தார் கடலில் பயணம் செய்யும் காட்சி தமக்குக் காட்டப்பட்டதாகச் சொன்னபோது, அவர்களில் தாமும் ஒருவராக இருக்க துஆச் செய்யுமாறு அப்பெண்மணி வேண்டினார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், முஆவியா (ரலி) தலைமையில் சைப்ரஸ் தீவுக்குச் சென்ற கடற்பயணத்தில் தம் கணவர் உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களுடன் அவரும் சென்றார். கரையில் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து மரணமடைந்தார். லார்னகா நகருக்கு அருகே உப்பேரிக் கரையில் உள்ள அடக்கத்தலம் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. தம் மனைவியைக் கடலுக்கு அழைத்துச் சென்ற அந்த நபித்தோழரைவிட நாம் மார்க்கத்தில் பேணுதல் மிக்கவர்களா? காரின் சாவியைக் கொடுக்கவே தயங்கிய என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமை நமக்குத் தெரிந்ததே. சீட்டுக் குலுக்கி ஒரு சாரார் மேல்தளத்திலும் மற்றொரு சாரார் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகிறார்கள். கீழே இருப்போர் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியிருக்கிறது. மேலே இருப்போருக்குத் தொல்லை வேண்டாமே என்று கீழ்த்தளத்தில் துளையிட நினைக்கிறார்கள். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர், தடுத்தால் அனைவரும் பிழைப்பர். தீமையைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்ட இந்த உவமையைப் படிக்கும்போது, நம் வீடுகளின் கீழ்த்தளம் எது என்றும் எனக்குத் தோன்றியது. ஆலையிலோ அலுவலகத்திலோ ஒரு ஷிப்ட் முடித்து, வீட்டில் ஷிப்டே இல்லாத வேலையைத் தொடங்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்? "சிரமம் கொடுக்க வேண்டாம்" என்று அவர்கள் வாய்மூடிச் சலித்துப்போகும் நாளில் துளை விழுகிறது. மணமுறிவாகவோ, ஆறாத மனக்கசப்பாகவோ, பெற்றோரைக் கண்டு வளரும் பிள்ளைகளின் மனத்திலோ அது தெரியத் தொடங்கும்போது தண்ணீர் உள்ளே வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்துகொண்ட சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன். பெருமைக்காக அன்று, யாருக்கேனும் பயன்படலாம் என்பதற்காக.

ஒரு நோட்டில் வங்கிக் கணக்கு, காப்பீடு, நகைக்கடன், கொடுக்க வேண்டியது, வர வேண்டியது அனைத்தையும் எழுதி இருவரும் அறிந்த இடத்தில் வைத்தோம். பிள்ளைகளின் மருந்து, அளவு, மருத்துவரின் எண் ஆகியவற்றை என் மனைவி எனக்குக் கற்றுத் தந்தார். கனமான வேலைகள் என்னுடையவை ஆயின. மாடிக்கு வாளி தூக்குவது முதல் அரிசி மூட்டை வரை. வாரத்தில் ஒரு நாள் சமையலறை என் பொறுப்பு. முதல் மாதம் சாம்பார் எப்படி இருந்தது என்பதை என் மகன் பள்ளி முழுவதும் சொல்லி முடித்துவிட்டான். வீட்டை விட்டு வெளியே செல்பவர், அடுப்பில் என்ன இருக்கிறது, பிள்ளை மருந்து சாப்பிட்டதா என்று சொல்லிவிட்டே செல்ல வேண்டும். இதை என் மைத்துனரிடமிருந்து கற்றோம்.

எல்லோருக்கும் இதே பங்கீடு பொருந்தாது. கைக்குழந்தை இருக்கும் வீடு, மூத்தோர் படுக்கையில் இருக்கும் வீடு, கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடு என ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. யார் எதைச் செய்வது என்பதை அவரவர் பேசி முடிவு செய்யலாம். மனைவி வீட்டையும் கணவர் வெளி வேலையையும் மனமொப்பி ஏற்றுக்கொண்டால் அதில் குறையேதும் இல்லை. ஆனால் ஒருவர் விழுந்தால் மற்றவர் எடுத்துச் செய்ய முடியாத எந்த வேலையும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மரணம் எவருக்கு முன்னே வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இத்தா இருக்கும் நாட்களில் கணவரின் கடன் எவ்வளவு என்று தெரியாமல் கலங்கும் பெண்களையும், மனைவி மறைந்தபின் பிள்ளையின் பள்ளி வகுப்புகூடத் தெரியாமல் நிற்கும் ஆண்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நம் அறியாமையை நம் துணைக்கு விட்டுச் செல்லும் சொத்தாக்கிவிடக் கூடாது.

என் மனைவி ஓட்டுநர் உரிமம் பெற்றுவிட்டார். சென்ற மாதம் மீண்டும் அய்யனார் கோவில் ஆற்றுக்குச் சென்றோம். ஆறாவது மைல் தாண்டி அவர் காரை ஓட்ட, பக்கத்தில் அமர்ந்திருந்த நான் இரண்டு முறை "மெதுவா, மெதுவா" என்றேன். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது அவர் திரும்பாமலே, "பச்சைப் பை எங்க இருக்கு?" என்று கேட்டார். என் மடியில் இருந்தது.

குடும்பத்தின் பொறுப்பை அமானிதமாகச் சுமக்கவும், ஒருவர் சுமையை மற்றவர் அறிந்து இறக்கி வைக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.